வளையத்தில் ஒட்டிய குங்குமம்

உன் மனைவி கொடுத்த எவர்சில்வர் டப்பா ஒரு வாரமாக என் மேசைமேல் கிடக்கிறது. திறந்தேன், மூடினேன், மறுபடி திறந்தேன். நம் பட்டறையில் வாங்கிப் போட்ட அந்த வெள்ளை கிரீஸின் வாசனை இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அதிலிருந்து போகவில்லை. உள்ளே மல்துணியில் சுற்றிய ஒரு கறுப்பு ரப்பர் வளையம். அதன் ஓரிடத்தில், சுண்டுவிரல் நகம் அளவுக்கு, பழுப்பேறிய சிவப்பாக ஒரு கறை.

எனக்குக் கண் முன்போல் இல்லை. பேத்தியின் பூதக்கண்ணாடியை வாங்கி வைத்துப் பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம்.

நீ போன செய்தி எனக்குத் தாமதமாகத்தான் வந்தது. பதினாறாம் நாளும் முடிந்தபிறகு கொள்ளேகால் வந்து, உன் மோட்டார் ரிப்பேர் கடையின் இழுத்து விட்ட ஷட்டரைப் பார்த்துவிட்டு, பின்னால் இருக்கும் வீட்டுக்குப் போனேன். உன் மனைவி காப்பி கொடுத்தாள். அழுது முடித்த முகம். கிளம்பும்போது இந்த டப்பாவை எடுத்து வந்தாள்.

"அவரு பீரோவுக்குள்ள இருந்துச்சுங்கண்ணா. என்னன்னு தெரியல. உங்க பட்டறைச் சாமானாட்ட இருக்குது, அதான்."

"என்கிட்ட குடுக்கச் சொன்னானாம்மா?"

"அவரு ஆருகிட்டயும் ஒண்ணும் சொல்ல மாட்டாருங்களே."

அது எனக்குத் தெரியாததா? நீ ஒன்றும் சொல்லாததில்தானே நான் இவ்வளவு காலம் சௌகரியமாகக் குடியிருந்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில் மைசூர் மேட்டகள்ளிப் பக்கம் தகரக்கூரை போட்ட அந்தப் பட்டறையில் இரும்பைக் கடைகிற நாலு லேத். நீ லேத் ஓட்டுகிற டர்னர். நான் படம் போடுகிற இன்ஜினீயர், அதாவது காகிதத்தில் கோடு கிழித்துவிட்டு நீ அதை இரும்பில் செய்து தருவதை வேடிக்கை பார்க்கிறவன். உனக்கும் எனக்கும் ஒரே வயது. நீ கொள்ளேகால்காரன். நான் மேல்கோட்டையிலிருந்து வந்து மைசூரில் ஊறிப்போன ஐயங்கார் குடும்பம். என் வீட்டுத் தமிழைக் கேட்டுவிட்டு முதல் நாளே நீ சிரித்தாய். "உன்ற தமிழுக்கும் நாமம் போட்டுத்தான் அனுப்பியிருக்காங்க சாமி" என்றாய். அன்றிலிருந்து கடைசிவரை உனக்கு நான் சாமிதான்.

நாம் மீன் என்று பேர் வைத்த அந்தக் கருவி நம்மிடம் வந்து சேர்ந்தது இன்றைக்கும் எனக்கு வேடிக்கையாகத்தான் இருக்கிறது. கடலே இல்லாத ஊர் நம் ஊர். கடற்கரையில் இருந்த ஓர் ஆய்வகம், கடலுக்குள் தானாக நீந்தும் கருவி ஒன்று வேண்டும் என்று ஊர் ஊராகப் பட்டறை தேடி, கடைசியில் நம் முதலாளியிடம் வந்தது. ஆள் உயரத்தில் ஒரு அலுமினியக் குழாய். இரண்டு சிறகு, ஒரு வால், மூக்குக்கு ஒரு மூடி. புரொபெல்லர் கிடையாது. வயிற்றில் இருக்கிற எண்ணெயை வெளியே ஒட்டியிருக்கும் பைக்குள் பம்ப் தள்ளினால் மீன் பருத்து மேலே வரும். எண்ணெயை உள்ளே இழுத்துக்கொண்டால் இளைத்துக் கீழே போகும். ஏறும்போதும் இறங்கும்போதும் சிறகு அதை முன்னால் தள்ளிக்கொண்டு போகும். போகிற வழியெல்லாம் தண்ணீரின் சூட்டைக் குறித்துக்கொண்டு, மேலே வந்து ஆகாயத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு மறுபடி முங்கும்.

எதற்கு இத்தனை பாடு என்று நீ கேட்டாய். புயல் சூடான தண்ணீரைக் குடித்துத்தான் பெருகுகிறது என்று சொன்னேன். மேல் தண்ணீர் மட்டும் சூடாக இருந்தால் புயல் அதைக் கலக்கும்போது அடியில் இருக்கும் குளிர்ந்த தண்ணீர் மேலே வந்து அதன் கொட்டத்தை அடக்கிவிடும். ஆழம்வரை சூடு இருந்தால் கரைக்கு வருகிறவரை தின்று கொழுத்துக்கொண்டே வரும். விண்ணில் சுற்றுகிற செயற்கைக்கோளுக்குக் கடலின் மேல்தோல்தான் தெரியும். புயல் நேரத்தில் கப்பலை அங்கே நிறுத்தி வைக்க முடியாது. ஆள் போக முடியாத இடத்துக்கு இந்த மீன் போகும்.

நீ கொஞ்ச நேரம் பீடியைப் பற்ற வைக்காமல் கையிலேயே வைத்திருந்தாய். "அப்ப இது பால் காயற சட்டிக்குள்ள வெரல விட்டுப் பாக்கற வேலை" என்றாய். இவ்வளவு நீளமாக நான் சொன்னதை நீ ஒரு வரியில் முடித்தாய்.

மூக்கு மூடியும் உடம்பும் சேருகிற வாயில், தண்ணீரை அடைக்கிற ரப்பர் வளையம் உட்காருவதற்கு வட்டமாக ஒரு பள்ளம், காடி, வெட்ட வேண்டும். ஆழம் கூடினால் வளையம் அமுங்காது, தண்ணீர் ஏறும். குறைந்தால் மூடியே ஏறாது. மூன்று நாள் வெட்டினாய். வேறு யாரையும் கிட்டே விடவில்லை. மூடுவதும் நீதான். அதற்கென்று உனக்கு ஒரு முறை இருந்தது. மல்துணியால் காடியைத் துடைப்பாய். பிறகு மீனைத் தூக்கச் சொல்லி வாசலுக்குக் கொண்டுபோய், வெயிலில் வாயைச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பாய். பிறகுதான் வளையத்துக்கு கிரீஸ். எனக்கு எரிச்சலாக வரும். டியூப்லைட் போதாதா என்பேன். "தண்ணிக்குத் தெரியாத ஓட்டை இல்ல சாமி. அது பாக்கறதுக்கு முன்ன நாம பாத்துரோணும்" என்பாய்.

ஸ்ரீரங்கப்பட்டணத்துப் பக்கம் கரும்புத் தோட்டத்து நடுவில் ஒரு பெரிய கிணறு. அதுதான் நமக்குக் கடல். கயிறு கட்டி மீனை இறக்கினோம். ஒரு ராத்திரியும் ஒரு பகலும் அது அடியில் கிடந்தது. கிணற்றுக்காரர் நம்மை மேலும் கீழும் பார்த்து, "ஏன் சுவாமி, ஈ மீனு ஏன் தின்னுத்தே?" என்று கேட்டார், இந்த மீன் என்ன தின்னும் என்று. எண்ணெய் தின்னும் என்று நீ கன்னடத்தில் சொன்னதும் அவர் சிரிக்கவே இல்லை. தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். மேலே எடுத்துத் திறந்தபோது உள்ளே விரலை விட்டுப் பார்த்தாய். பொட்டுத் தண்ணீர் இல்லை. உன் முகத்தில் அன்றைக்குப் பார்த்த சிரிப்பை அப்புறம் நான் பார்க்கவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளும்படி உன்னிடம் கேட்க முடியாது. எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். கிணற்றில் சொட்டுக்கூட ஏறவில்லை.

அப்புறம் தசரா வந்தது.

ஆயுத பூஜைக்குப் பட்டறையைக் கழுவி, லேத், ஸ்பானர், வெர்னியர், முதலாளியின் ஸ்கூட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம். மீன் நடுவில் பலகைமேல் கிடந்தது. புது பாட்டரி வைப்பதற்காக மூக்கைக் கழற்றி, வாயைத் துணியால் மூடி வைத்திருந்தாய். பூஜை முடிந்து இரண்டாம் நாள் வண்டி வரும், அன்று காலை நீ வந்து மூடுவதாகப் பேச்சு. "வாலுக்குப் பொட்டு வையி, சிறகுக்கு வையி. வாய்ப்பக்கம் மட்டும் போகாத" என்று என்னிடம் சொல்லிவிட்டு லேத்துக்கு மாலை போடப் போனாய்.

போகாமல் இருந்தேனா? ஊரில் உள்ள ஸ்கூட்டருக்கெல்லாம் நெற்றியில் பொட்டு. கடலுக்குப் போகிற என் மீன் மட்டும் வெறும் முகத்தோடு கிடக்கிறதே என்றிருந்தது. படித்தவன்தான், படமும் போட்டவன்தான். ஆனாலும் மனசு கேட்கவில்லை. துணியைக் கொஞ்சம் விலக்கி, வாயின் விளிம்புக்கு மேலே தாராளமாகச் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் அப்பினேன். சந்தனம் நீர்த்திருந்தது. காடிப்பக்கம் வழிந்தது. மேல்துண்டின் நுனியால் வழித்துவிட்டுத் துணியை மூடினேன். கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் விஜயதசமி. உன் அம்மா ஜம்பூ சவாரி யானை ஊர்வலம் பார்க்க வேண்டும் என்று கொள்ளேகாலிலிருந்து வந்திருந்தாள். காலையிலேயே அவளைக் கூட்டிக்கொண்டு, ஊர்வலம் போய் முடிகிற பன்னிமண்டபத்துச் சாலையில் இடம் பிடித்து உட்கார்ந்துவிட்டாய். ஊரே அங்கேதான் இருந்தது. பத்து மணி வாக்கில் முதலாளி என் வீட்டுக்கு ஆள் அனுப்பினார். கடல் மோசமாகப் போகிறதாம், ஆய்வகத்துப் படகு ஒருநாள் முன்னாலேயே கிளம்புகிறதாம், வண்டி வந்து நிற்கிறது.

உன்னை அந்தக் கூட்டத்தில் எங்கே தேடுவது என்று முதலாளியிடம் சொன்னேன். உண்மைதான். ஆனால் தேடவும் இல்லை. எனக்குத் தெரிந்த வேலைதானே, நானே மூடிவிடலாம் என்று ஒரு கர்வமும் இருந்தது. பட்டறையில் கரண்ட் இல்லை. டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். மல்துணியால் ஒரு சுற்றுத் துடைத்தேன், கிரீஸ் தடவினேன், வளையத்தை உட்கார வைத்தேன், மூடினேன். வாசலுக்குத் தூக்கிப் போகவில்லை. வெயில் வாசலில்தான் காய்ந்துகொண்டிருந்தது. பத்து அடி.

சாயங்காலம் நீ ஓடி வந்தாய். செருப்பு அறுந்திருந்தது.

"மூடிட்டியா?"

"மூடிட்டேன்."

"வெயில்ல பாத்தியா?"

"பாத்தேம்பா. நன்னா பாத்தேன்."

"செரி பிடு. அப்ப ஒண்ணுமில்ல" என்றாய். விடு என்பது உன் வாயில் எப்போதும் கன்னடத்து பிடுதான்.

என் வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களில் இதைவிடச் சின்னது கிடையாது.

கடலில் முதல் முங்கலுக்கு மட்டும் அதற்கு நைலான் கயிறு கட்டியிருந்தார்கள். மீன் இறங்கியது. மேலே வரவில்லை. கயிற்றைப் பிடித்து இழுத்தபோது நாலு பேர் வேண்டியிருந்ததாம். உள்ளே முழுக்கக் கடல். சர்க்யூட் எல்லாம் செத்துவிட்டது. பதினைந்து நாள் கழித்து அதே கடலில் ஒரு புயல் கிளம்பியது. வலுவிழந்துவிடும் என்று ரேடியோவில் சொன்னார்கள். அது வலுவிழக்கவில்லை. கரையோரத்தில் நிறையப் பேர் செத்தார்கள். மீன் ஒழுங்காக நீந்தியிருந்தால் எல்லாரும் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு மீனால் அவ்வளவு ஆகிவிடாது. ஆனால் ஒரு விரலாவது சட்டிக்குள் இருந்திருக்கும். அந்தச் செய்தியை நாம் இரண்டு பேரும் டீக்கடையில் நின்று கேட்டோம். டீயை அப்படியே வைத்துவிட்டு வந்தோம்.

சாக்குப்பையில் சுற்றி மீன் திரும்பி வந்தபோது நான் விடுப்பில் இருந்தேன். காய்ச்சல் என்று சொன்னேன். காய்ச்சல் இல்லை. நீதான் தனியாகத் திறந்தாய். மறுநாள் ஆய்வகத்திலிருந்து இரண்டு பேர் வந்து முதலாளி அறையில் உட்கார்ந்து, மூடியது யார், எப்படி மூடினார்கள் என்று ஆரம்பித்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் நீ சொன்னாய்.

"மூடுனதுல ஒண்ணுமில்லீங்க சார். காடி ஆழம் கூடிப்போச்சு. என்ற கை தப்பிருச்சு."

அளந்து காட்டச் சொன்னார்கள். அளப்பதற்குக் காடி இல்லை. உப்பு அரித்திருந்தது என்று நீ அதற்கு முன்பே லேத்தில் ஏற்றி ஒரு சீவு சீவியிருந்தாய். வளையம் எங்கே என்று கேட்டதற்கு, அறுந்துபோச்சு, குப்பையில் போட்டுட்டேன் என்றாய். அவர்கள் எழுதிக்கொண்டு போனார்கள். டர்னர் பிழை. அந்தத் திட்டம் அத்தோடு படுத்தது.

அன்றைக்கு வாசலில் வைத்து உன்னைக் கேட்டேன். "ஏம்ப்பா அப்டிச் சொன்னே?"

"உள்ளதச் சொன்னேன் சாமி. பிடு."

விட்டுவிட்டேன். அதுதான் நான் செய்தது. நீ உள்ளதைத்தான் சொன்னாய் என்று நம்பத் தொடங்கினேன். முதல் மாசம் கஷ்டமாக இருந்தது. அப்புறம் பழகிவிட்டது. கிணறு ஆழம் கம்மி, கடல் வேறு, உன் கை அன்றைக்கு அசந்திருக்கும் என்று எனக்கு நானே வக்கீல் வைத்துக்கொண்டேன். கடலிலும் மீன் அன்று அதிக ஆழம் போகவில்லை என்பதை வக்கீலிடம் சொல்லவில்லை. வேறு கம்பெனிக்குப் போனேன், மேனேஜரானேன், ரிடையர் ஆனேன். யாராவது உன்னைப் பற்றிக் கேட்டால், "கெட்டிக்காரன், பாவம், ஒரு காடியில் தப்பிவிட்டான்" என்று பெருந்தன்மையாகச் சொல்வேன். பெருந்தன்மை! எழுதவே கை கூசுகிறது.

அதற்குப் பிறகு முதலாளி நுணுக்கமான வேலை எதையும் உனக்குத் தரவில்லை. ஒரு வருஷத்தில் ஊருக்குப் போய் மோட்டாருக்குக் காயில் சுற்றுகிற கடை போட்டாய். லேத் பக்கம் நீ அப்புறம் போகவே இல்லை என்று கேள்விப்பட்டேன். என் பெண் கல்யாணத்துக்கு ஒரு கட்டு வாழையிலையோடு வந்து, பந்தியில் பரிமாறிவிட்டுப் போனாய். எப்போது பார்த்தாலும் உனக்கு ஒரே கேள்வி. "நம்ம மீனு என்னாச்சு சாமி, ஆராச்சும் பண்ணுனாங்களா?" பண்ணினார்கள் என்று சொன்னேன். வெளிநாட்டில் அந்த மாதிரி மீன்கள் மாசக்கணக்கில் கடலில் கிடக்கின்றன, புயலுக்கு அடியிலேயே ஏறி இறங்கிச் சூட்டைச் சொல்கின்றன என்று ஒருமுறை போனில் படம் காட்டினேன். போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய் மூக்கு மூடியைத்தான் பார்த்தாய். "காடி எங்க வெச்சிருக்காங்கன்னு தெரியலயே" என்றாய். உன் கடை வாசலில் நாம் இரண்டு பேரும் சிரித்தோம். உன் பீரோவுக்குள் அப்போதும் இந்த டப்பா இருந்திருக்கிறது.

பூதக்கண்ணாடியில் பார்த்தால் கறை வெறும் நிறமில்லை. சந்தனம் காய்ந்து பொருக்காகி, அதில் குங்குமம் ஒட்டி, ரப்பரில் அழுந்திப் பள்ளமே விழுந்திருக்கிறது. தண்ணீர் அந்த வழியாகத்தான் ஏறியிருக்கிறது. வெயிலில் ஒரு தடவை காட்டியிருந்தால் குழந்தைக்குக்கூடத் தெரிந்திருக்கும். நீ திறந்த அன்றே பார்த்திருக்கிறாய். பொட்டையும் பார்த்தாய், என் பொய்யையும் பார்த்தாய். பார்த்துவிட்டு, நல்ல காடியைச் சீவி எறிந்துவிட்டு வந்து உன் கையைக் குற்றம் சொன்னாய். எனக்கு உன்மேல் கோபம்கூட வருகிறதப்பா. ஒரு அறை விட்டிருக்கலாம். யார் உன்னைக் கேட்டது?

நேற்று மறுபடி கொள்ளேகால் போனேன். முழங்கால் வலியோடு அந்த பஸ்ஸில் போவது இப்போது லேசில்லை. உன் மனைவி வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். டப்பாவை முன்னால் வைத்து, பொட்டு வைத்ததிலிருந்து வெயில்வரை எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முறத்தைக் கீழே வைக்கவில்லை.

"அப்ப அவரு வெட்டுனது செரிதானுங்களா?"

"சரிம்மா. ஒரு மயிரிழை தப்பில்ல."

"என்கிட்டயும் கை தப்பிருச்சுன்னுதானுங்க சொன்னாரு. சண்டை வரும்போதெல்லாம் நான் அதைத்தான் எடுப்பேன். ஒரு காடி ஒழுங்கா வெட்டத் துப்பில்லாம ஊருக்கு ஓடி வந்தவருதானேன்னு. எத்தினி தடவை சொல்லியிருப்பேன்! கேட்டுக்கிட்டே சோறு திம்பாருங்கண்ணா. ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னதில்ல."

மன்னித்துக்கொள் என்று சொன்னேன்.

"அவரு இருக்கும்போது வந்து சொல்லியிருக்கோணுமுங்க" என்றாள். அவ்வளவுதான். திட்டவில்லை.

ஆய்வகத்துக்கு எழுதுகிறேன், அந்தக் காகிதம் இன்னும் இருந்தால் திருத்தச் சொல்கிறேன் என்றேன். ஆகட்டுமுங்க என்று தலையாட்டினாள். எழுந்தேன். டப்பாவை அவளிடமே விட்டுவிட்டு வருவதாகத்தான் போயிருந்தேன், உன் பொருள் உன் வீட்டில் இருக்கட்டும் என்று. படி இறங்குவதற்குள் கூப்பிட்டாள். டப்பாவைக் கொண்டுவந்து என் பையில் அவளே வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள்.

"இத நீங்களே வெச்சுக்கங்கண்ணா. இத்தினி நாளு அவரு வெச்சிருந்தாரு."

பஸ்ஸில் மைசூர்வரை பை மடியில்தான் இருந்தது. இதோ, இப்போது மேசைமேல் இருக்கிறது. ஆய்வகத்துக்குக் கடிதம் எழுதிவிட்டேன். மூடியவர் என்று போட்டு, பக்கத்தில் என் பெயரை எழுதினேன். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் காகிதத்தை வாசலுக்கு எடுத்துப் போய் வெயிலில் ஒருமுறை பார்த்தேன்.